சைக்கிள் டைனமோவும் மடிக் கிற்றாரும்

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு மின்காந்தத் தூண்டலைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைக் கையால் சுற்றுவார். சில்லில் உரசும் டைனமோவிலிருந்து வானொலி பேசும். செய்தி முடியும்வரை சுற்றும் கை ஓயக்கூடாது. டைனமோவுக்குள் காந்தம் சுழல்கிறது, பக்கத்தில் கம்பிச்சுருள் அசையாமல் இருக்கிறது. சுருளினூடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831 இல் மைக்கல் பரடே கண்டறிந்த விதி இது.

மின் கிற்றாரின் பிக்கப்பும், அதாவது தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் உறுப்பும், இதே விதியில்தான் இயங்குகிறது. ஆனால் அங்கே காந்தமும் அசைவதில்லை, சுருளும் அசைவதில்லை. மேலே அதிர்கின்ற உருக்குத் தந்திதான் அசைகிறது. கீழேயுள்ள காந்தம் தனக்கு நேர் மேலேயிருக்கும் தந்தித் துண்டையும் சிறு காந்தமாக்கிவிடுகிறது. அந்தத் துண்டு ஆடும்போது சுருளின் பாயம் கூடிக் குறைகிறது. அதற்கேற்ப மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறது. பிக்கப் காற்றைக் கேட்பதில்லை. அதன் மேல் குனிந்து சத்தமாகப் பாடினாலும் ஒலிபெருக்கியில் அநேகமாக ஒன்றும் வராது. அது அறிவதெல்லாம் சில மில்லிமீற்றர் தூரத்தில் அசையும் இரும்பை மட்டுமே. இதை மனதில் இருத்திக்கொண்டால், ஒரு கிற்றாரின் உறுப்புகளைக் கழற்றி வேறொரு வாத்தியத்தில் பொருத்தும் வேலை முழுவதும் தூரங்களை அளக்கும் வேலை என்பது விளங்கும்.

என் மருமகனின் மின் கிற்றார் கழுத்து முறிந்து கிடந்தது. பிக்கப்புகள் மூன்றும் உயிரோடு இருந்தன. முறுக்காணிகளும் நன்றாக இருந்தன. "மாமா, இதை எறிய மனம் வரவில்லை" என்றான். அவன் வீணை படித்தவன், கோட்டு வாத்தியத்தில் ஆசை உள்ளவன். ஆகவே ஒரு பழைய பலாப் பலகையை எடுத்து லாப் ஸ்டீல் செய்வதென்று முடிவெடுத்தோம். அது மடியில் கிடத்தி வாசிக்கும் கிற்றார். விரலால் தந்தியைக் கட்டையில் அழுத்துவதில்லை. இடக்கையில் பிடித்த உருக்குத் துண்டைத் தந்திகளின் மேல் வழுக்கிச் சுரம் பிடிக்கவேண்டும். கோட்டு வாத்தியத்தில் மரத்துண்டு வழுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கமகத்துக்கு இதைவிட இணக்கமான மேல்நாட்டு வாத்தியம் இல்லை என்பது என் எண்ணம்.

உண்மையில் பிக்கப் முதலில் வந்து சேர்ந்த இடமே மடிக் கிற்றார்தான். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், மடிக் கிற்றார் வாசிக்கும் ஹவாய் இசைக்குப் பெரும் மோகம் இருந்தது. மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கிற்றாரின் ஒலி எடுபடவில்லை. லொஸ் ஏஞ்சலிஸில் ஜோர்ஜ் பியூசாம்ப் 1931 இல் மரத்தில் ஒரு மாதிரி செய்வித்தார். 1932 இல் அடொல்ப் ரிக்கன்பக்கரோடு சேர்ந்து அலுமினியத்தில் வார்த்து விற்கத் தொடங்கினார். வட்ட உடலும் நீண்ட கைப்பிடியுமாக இருந்ததால் 'பொரிக்கும் தாச்சி' என்று அதற்குப் பெயர் வந்தது. காப்புரிமை 1937 இல்தான் கிடைத்தது. மேடை விளக்கின் வெப்பத்தில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்தது அதன் குறை. எங்கள் சித்திரை வெயிலை நினைத்தபோது பலாப் பலகையே போதும் என்று தோன்றியது.

இனிச் சுருள். ஒரு சாதாரண ஒற்றைச்சுருள் பிக்கப்பில் 0.063 மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக் கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றப்பட்டிருக்கும். மல்ரிமீற்றரில் தடை 6 கிலோஓம் காட்டினால், உள்ளே ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேலாகக் கம்பி இருக்கிறது என்று பொருள். தலைமயிரைப் போன்ற அந்தக் கம்பி எவ்வளவு மென்மையானது என்பதை ஒரு பிக்கப்பை இழந்துதான் அறிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். கிற்றாரின் விரற்பலகை சற்று வளைந்தது; தந்திகளும் அந்த வளைவைப் பின்பற்றும். அதற்கேற்பப் பிக்கப்பின் ஆறு காந்தத் தண்டுகளும் ஏறியிறங்கி நிற்கும். லாப் ஸ்டீலில் அப்படியல்ல. நேரான உருக்குத் துண்டு ஆறு தந்தியையும் ஒருசேரத் தொடவேண்டும் என்பதால் தந்திகள் ஒரே மட்டத்தில் இருக்கும். பிக்கப்பை அப்படியே பூட்டியபோது மூன்றாம் தந்தி மற்றவற்றை மூடிக்கொண்டு முழங்கியது, ஓரத்துத் தந்திகள் மெலிந்தன. காந்தப்புலம் தூரத்தோடு மிக விரைவாகக் குறைவதால் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் காதுக்குத் தெளிவாகத் தெரியும். உயர்ந்து நின்ற தண்டைப் பெருவிரலால் மெல்லக் கீழே அழுத்தினேன். ஊசி முறிவதைப் போல ஒரு சிறு ஓசை. மீற்றரை வைத்துப் பார்த்தால் தடை முடிவிலி. அந்த வகைப் பிக்கப்பில் கம்பி நேரடியாகக் காந்தத் தண்டுகளின் மேலேயே சுற்றப்பட்டிருக்கிறது. தண்டு நகர்ந்தால் அதோடு ஒட்டிய உட்சுற்றுக் கம்பியும் அறுந்துவிடும். பிளாஸ்டிக் கூட்டுக்குள் தண்டு தனியாக இறங்கியிருக்கும் வகையில்தான் அழுத்தலாம். மற்ற இரண்டில் ஒன்று அந்த வகை என்பது எங்கள் அதிர்ஷ்டம். திருகித் தாழ்த்தும் தண்டுகள் உள்ளதோ, ஆறு தந்திக்கும் ஒரே தகடு ஓடுகின்றதோ கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

அகலமும் பார்க்கவேண்டும். குதிரையடிப் பிக்கப்பில் (குதிரை என்பது தந்திகளைத் தாங்கும் கட்டை) முதல் தண்டுக்கும் ஆறாவது தண்டுக்கும் இடையே பெரும்பாலும் 52 மில்லிமீற்றர். நாங்கள் தந்திகளை 9.5 மில்லிமீற்றர் இடைவெளியில் இணையாக ஓடவிட்டோம், மொத்தம் 47.5. ஓரத்துத் தந்தி தண்டிலிருந்து இரண்டேகால் மில்லிமீற்றர் விலகும். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் 50 மில்லிமீற்றர்தான் என்பதால் விலகல் ஒன்றேகாலாகக் குறைந்தது. புலம் பரந்திருப்பதால் அது கேட்கவில்லை. உயரத்துக்கு அடியில் மரத்துண்டு வைத்துத் தூக்கினோம், ஏனென்றால் லாப் ஸ்டீலில் தந்தி பலகையிலிருந்து மிக மேலே ஓடுகிறது. மிக நெருக்கியும் வைக்கக்கூடாது. காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைத் தள்ளாடவைக்கும். 3 மில்லிமீற்றரில் தொடங்கிக் காதால் திருத்துவது நல்லது.

எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தந்தி முழுதாகவும், பாதிபாதியாகவும், மூன்றிலொன்றாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. இந்த இசையங்கள் ஒவ்வொன்றுக்கும் தந்தி அசையாத கணுக்கள் உண்டு. பிக்கப் கணுவின் மேல் இருந்தால் அந்த இசையம் அதற்குத் தெரியாது. எங்கள் தந்தி நீளம் 571.5 மில்லிமீற்றர், பிக்கப் குதிரையிலிருந்து 57 மில்லிமீற்றரில். திறந்த தந்தியில் அது பத்திலொரு பங்கு. பத்தாம் இசையம் போனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் உருக்குத் துண்டு ஒரு ஸ்தாயி மேலே வந்ததும் ஒலிக்கும் நீளம் பாதியாகிறது, பிக்கப் இப்போது ஐந்திலொரு பங்கில். இரண்டு ஸ்தாயி ஏறினால் ஐந்தில் இரண்டு. பிக்கப் நகரவேயில்லை, ஆனாலும் வாசிப்பவர் மேலே போகப் போக அது தந்தியின் நடுவை நோக்கி நகர்கிறது. மேல்ஸ்தாயியில் லாப் ஸ்டீலின் குரல் உருண்டு திரண்டு வருவதற்கு இது ஒரு காரணம்.

குதிரை வேலை இதைவிட எளிது. சுரத்தானத்தைத் தீர்மானிப்பது வழுக்கும் துண்டும் காதும் என்பதால், கிற்றாரில்போலத் தந்திக்குத் தந்தி குதிரையை முன்பின்னாக நகர்த்தவேண்டியதில்லை. ஒரு அலுமினியக் கோணச் சட்டம் போதும். பலகை மட்டும் வளையாத தடிப்பில் இருக்கவேண்டும். சாதாரண மின் கிற்றாரின் மெல்லிய தந்தித் தொகுதியே மொத்தம் 46 கிலோ அளவில் இழுக்கிறது.

ஒலியளவுக் குமிழுக்கு 250 கிலோஓம் மாறுதடை. இணைப்புக் கம்பியின் நீளத்துக்கும் குரலில் பங்குண்டு. சுருள் ஒரு தூண்டி, கேபிள் ஒரு கொள்ளளவி. இரண்டும் சேர்ந்து ஒரு மீடிறனில் பரிவுறும்; அதற்கு மேலுள்ள கூர்மையான ஒலி மங்கும். 5 மீற்றர் கேபிளில் அது 4 கிலோஹேர்ட்ஸ் அளவில் இருந்தால், 10 மீற்றரில் 3க்கு இறங்கிவிடும். குரல் மங்கியதற்குப் பிக்கப்பைக் குறைசொல்லுமுன் கேபிளை மாற்றிப் பார்க்கவேண்டும்.

கடைசியாக இரைச்சல். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சுருள் வீட்டிலுள்ள ஒவ்வொரு மின்மாற்றியின் புலத்தையும் தந்தியின் அசைவோடு சேர்த்தே பிடிக்கும். 50உம் 100உம் தடித்துக் கேட்கும். மருமகன் ஆறாம் தந்தியைக் கீழ் 'ஜீ' சுரத்துக்கு, அதாவது 98 ஹேர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்தபோது அந்தச் சுரம் வினாடிக்கு இரண்டு முறை பொங்கித் தணிந்தது. தந்தியில் பழுது என்று நினைத்து இரண்டு தடவை மாற்றினான். 98உம் 100உம் மோதி அடிப்பு உண்டாகிறது என்பதைத் தந்தியைக் கையால் நிறுத்தி, மிஞ்சிய இரைச்சலை மட்டும் கேட்டபிறகே கண்டுபிடித்தோம்.

பிக்கப் இருக்கும் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டிக் குதிரையைப் புவித்தொடுப்பில் இணைத்ததும் இரைச்சலின் கரகரப்பு நின்றது. அது மின்புலத்தால் வந்த பகுதி. காந்தப்புலத்தால் வரும் பகுதியை மெல்லிய செப்பு தடுக்காது. எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள், 1955 இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் அமைத்தது, அதை நீக்கும். இரண்டு சுருளிலும் இரைச்சல் எதிர்த்துக் கழியும். காந்தமுனைகளும் மாறியிருப்பதால் தந்தியின் சைகை மட்டும் கூடும். ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: தந்திகளும் கையிலுள்ள உருக்கும் இப்போது ஒலிபெருக்கியின் புவித்தொடுப்போடு சேர்ந்தவை. பழைய வீடுகளில் மூன்றாவது கம்பி, அதாவது புவிக்கம்பி, சுவருக்குள் எங்கும் போகாமல் நின்றுவிடுவதுண்டு. மின் தாக்காதிருக்க, வாசிக்குமுன் மின்னியலாளரை அழைத்து அதைச் சோதிப்பியுங்கள்.

எங்களிடம் இருப்பது ஒற்றைச்சுருள்தான். சுருளின் அச்சு புலத்துக்குக் குறுக்காக வந்தால் அது பிடிக்கும் இரைச்சலும் குறையும். மருமகன் கதிரையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, இரைச்சல் அடங்கும் இடத்தைக் கண்டு, அதன் நான்கு கால்களையும் சுற்றி வெண்கட்டியால் நிலத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறான்.