அடிமரத்தில் உறங்கும் அந்துப்பூச்சி

அரிய அந்துப்பூச்சிகளைத் தேடுபவர்கள் இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கேற்றிக் காத்திருப்பது வழக்கம். எனக்கு விடியற்காலைத் தேடல்தான் பிடிக்கும். விளக்கு பூச்சியை அதன் இடத்திலிருந்து பிரித்து நம்மிடம் கொண்டுவருகிறது. விடியலில் தேடினாலோ, அது தானே தேர்ந்தெடுத்த மரத்தில், தானே தேர்ந்தெடுத்த கோணத்தில் இருப்பதைப் பார்க்கலாம்.

அந்தக் கோணம் தற்செயலானது அல்ல. மரப்பட்டையில் வந்து அமரும் சில இனங்கள் சற்றே நடந்து, உடலைத் திருப்பி, இறக்கைக் கோடுகள் பட்டையின் வெடிப்புகளோடு கலந்துவிடும்படி அமைந்துகொள்வதைக் கொரிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. படங்களில் பூச்சியைத் தேடியவர்களுக்கு, வந்து இறங்கிய நிலையைவிடத் திரும்பி அமர்ந்த நிலையில் அதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. ஆகவே நிறத்தைத் தேடிப் பயனில்லை. வெடித்த பட்டையில் இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்காது. விரித்த இறக்கைகளில் இருக்கும். கோடுகள் எங்கே சட்டென்று சமச்சீராகின்றன என்று பாருங்கள்.

அண்ணாந்தும் பார்க்க வேண்டும். மிளகுத்தூள் தூவியதுபோல் வெள்ளை இறக்கையில் கரும்புள்ளிகள் கொண்ட மிளகு அந்துப்பூச்சி பகலில் எங்கே தங்குகிறது என்று அறிய, கேம்பிரிட்ஜில் மரபியலாளர் மைக்கேல் மெஜரஸ் பல ஆண்டுகள் மரமேறித் தேடினார். அவர் கண்ட 135 பூச்சிகளில் பாதிக்கு மேல் கிளைகளில் இருந்தன. அடிமரத்தில் இருந்தவை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். இப்படி ஓர் உழைப்பு இல்லாமல் ஒரு பூச்சியின் வீடு எதுவென்று நமக்குத் தெரிய வழியே இல்லை.

காலையில் அந்துப்பூச்சி பறந்தோடாததற்குக் காரணம் குளிர். இறக்கையை மேலே இழுக்கும் தசையும் கீழே இழுக்கும் தசையும் சூடேறினால்தான் வேகமாக இயங்கும். பெரிய இனங்களில் மார்புப் பகுதி 30 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டியிருக்கும். அதற்காக இரண்டு தசைகளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுருக்குகிறது. இறக்கை அடிக்காமல் நடுங்க மட்டும் செய்கிறது. செலவாகும் ஆற்றல் வெப்பமாகிறது. மார்பை மூடிய அடர்ந்த செதில்கள் அந்த வெப்பத்தைக் காக்கின்றன.

நீங்கள் நெருங்கும்போது இறக்கைகள் நடுங்கினால் உடனே பின்வாங்கிவிடுங்கள். பட்டு அந்துப்பூச்சிக் குடும்பத்தில் வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாயுறுப்பு வளர்ச்சியடைவதே இல்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்புதான் அதன் மொத்தக் கையிருப்பு. அதிலிருந்துதான் துணை தேடிப் பறக்க வேண்டும், முட்டையும் இட வேண்டும்.