போலார் டிரான்ஸ்மிட்டரா? டேபிளைத் தொடுமுன் தாமதத்தைப் பாருங்கள்

போலார் டிரான்ஸ்மிட்டர் போர்டில் பக்கத்துச் சேனலுக்குச் சிக்னல் வழிகிறது என்றால், முதல் பழி பவர் ஆம்ப்ளிஃபையர் மேல்தான் விழும். உடனே யாராவது ப்ரீடிஸ்டார்ஷன் டேபிளோடு (ஆம்ப்ளிஃபையரின் பிழைக்கு எதிர்த்திருத்தத்தைச் சிக்னலில் முன்கூட்டியே சேர்க்கும் அட்டவணை) உட்கார்ந்துவிடுவார்கள். ஆம்ப்ளிஃபையர் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் என் மேசைக்கு வந்த பல போர்டுகளில் முதல் கோளாறு அதற்கு முன்பே இருந்தது: சிக்னலின் வீச்சும் (ஆம்ப்ளிட்யூட்) கட்டமும் (ஃபேஸ்) ஆம்ப்ளிஃபையருக்கு ஒரே நேரத்தில் வந்து சேரவில்லை.

லியோனார்ட் கான் 1952-ல் ஒற்றைப் பக்கப்பட்டை ஒலிபரப்புக்காகச் சொன்ன யோசனைதான் போலார் முறைக்கு மூலம். சிக்னலை வீச்சு, கட்டம் என இரண்டாகப் பிரித்து, கட்டத்தை மட்டும் நிலையான வீச்சில் ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்து, வீச்சை அதன் சப்ளை வழியாக மறுபடி சேர்ப்பது. ஆம்ப்ளிஃபையர் முழுத் திறனில் ஓடலாம், மின்சாரம் மிச்சம். சிக்கல் என்னவென்றால், இரண்டு பாதைகளிலும் வேலை முற்றிலும் வேறு. வீச்சுப் பாதையில் டிஏசி (டிஜிட்டல்-அனலாக் மாற்றி), ஃபில்டர், சப்ளையை ஏற்றி இறக்கும் மாடுலேட்டர். கட்டப் பாதையில் பிஎல்எல் (கட்டத்தைப் பூட்டி அதிர்வெண் தரும் லூப்). தாமதம் தானாக ஒத்துப்போக வழியே இல்லை.

எவ்வளவு தாமத வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்? 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) சிக்னலுக்குக் கணக்குப் போட்டால், 1 நானோநொடி வித்தியாசமே இவிஎம்மில் (இருக்க வேண்டிய சிக்னலிலிருந்து உண்மைச் சிக்னல் விலகும் அளவு) 2 சதவீதத்துக்கு மேல் தின்றுவிடுகிறது. 64-க்யூஏஎம்முக்கு (ஒரு சிம்பலில் 6 பிட் அனுப்பும் மாடுலேஷன்) மொத்த வரம்பே 8 சதவீதம் என்பதால் இதோடு சமாளித்துவிடலாம். அதுவே 5 நானோநொடி ஆனால் 11 சதவீதத்தைத் தாண்டும், அங்கேயே ஆட்டம் முடிந்தது. பிழை தாமதத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதால், வித்தியாசத்தைப் பாதியாகக் குறைத்தால் பிழைத்திறன் 6 டெசிபெல் இறங்கும். இவ்வளவு மலிவாக 6 டெசிபெல் இந்தச் சர்க்யூட்டில் வேறு எங்கும் கிடைக்காது.

இனி டேபிளுக்கு வருவோம். தாமதம் சரியில்லாத நிலையில் ஏஎம்-பிஎம் வரைபடம் (வீச்சுக்கு ஏற்பக் கட்டம் எவ்வளவு நகர்கிறது என்று காட்டுவது) எடுத்தால், அதிக வீச்சில் கோடு மெலிதாகவும், வீச்சு குறையக் குறைய புள்ளிகள் இருபுறமும் விரிந்தும் தெரியும். பார்த்தவுடன் 'மெமரி எஃபெக்ட்' (முந்தைய சிக்னலின் பாதிப்பு ஆம்ப்ளிஃபையரில் தங்குவது) என்று சொல்லத் தோன்றும். காரணம் அதுவாக இருக்க வேண்டியதில்லை. சிக்னல் பூஜ்ஜியத்துக்கு அருகே போகும்போது கட்டம் மிக வேகமாகத் திரும்புகிறது, அங்கே சிறு தாமதமும் பெரிய கோணப் பிழையாகிவிடுகிறது. சோதிப்பது சுலபம்: வீச்சுப் பாதையை ஒரு படி தள்ளிவைத்து மறுபடி எடுங்கள். விரிவு சுருங்கினால் குற்றவாளி தாமதம்தான்; இன்னும் அகன்றால் எதிர்ப்பக்கமாகவும் ஒரு படி தள்ளிப் பாருங்கள். இதைச் செய்யாமல், மெமரி எஃபெக்டைத் திருத்தும் மெமரி பாலினாமியலில் இறங்கினால், தாமதத்தை டேபிளுக்குக் கற்றுக்கொடுத்ததாகத்தான் ஆகும். அந்தப் பவர் லெவலில் எண்கள் அழகாக வரும். லெவலை மாற்றியதும் எல்லாம் கலையும்.

லெவல் மாறினால் தாமதம் ஏன் மாற வேண்டும்? மாடுலேட்டருக்கு ஆம்ப்ளிஃபையர் ஒரு ரெசிஸ்டர் மாதிரித் தெரிகிறது, லெவலுக்கு ஏற்ப அதன் மதிப்பு மாறும். சப்ளைப் பின்னில் இருக்கும் கெபாசிட்டரோடு அது சேரும்போது தாமதமும் நகர்கிறது. இந்தக் கெபாசிட்டர் தனிக்கதை. சப்ளைப் பின் என்றாலே 100 நானோஃபாரட் வைத்துப் பழகிய கை, இங்கேயும் வைத்துவிடும். 50 நானோநொடியில் 3 வோல்ட் ஏற வேண்டுமானால், 10 நானோஃபாரடுக்கே 0.6 ஆம்பியர் வேண்டும்; 100 நானோஃபாரடுக்கு 6 ஆம்பியர். எந்த மாடுலேட்டர் தரும்? உறையின் (வீச்சு ஏறி இறங்கும் வடிவம்) உச்சிகள் மழுங்கிப்போகும், அதையும் ஆம்ப்ளிஃபையரின் கம்ப்ரெஷன் என்று எழுதிவைப்பார்கள். அந்த நோடில் ஆம்ப்ளிஃபையரின் நிலைத்தன்மைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வையுங்கள்.

தாமதம் சரியான பிறகு மிஞ்சுவதுதான் ஆம்ப்ளிஃபையரின் உண்மையான பங்கு. சப்ளை பூஜ்ஜியத்தை நெருங்கும்போதும் கேட்-டிரெயின் கெபாசிட்டன்ஸ் வழியாக டிரைவ் கசிவதால் வெளியீடு முழுசாக அணையாது, கட்டமும் சுழலும். டேபிளால் இதை ஓரளவுதான் திருத்த முடியும். வீச்சு குறைவான இடங்களில் டிரைவையும் கூடவே இறக்குவது மேல். கொஞ்சம் இவிஎம்மை விட்டுக்கொடுக்கச் சம்மதமென்றால், சிக்னல் நகரும் தடத்தைப் பூஜ்ஜியத்தைச் சுற்றி வளைத்தும் விடலாம். எட்ஜ் (2ஜி ஜிஎஸ்எம்மின் வேகமான டேட்டா முறை) வடிவமைப்பாளர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு: ஒவ்வொரு சிம்பலுக்கும் 3π/8 திருப்புவதால் அந்தச் சிக்னல் பூஜ்ஜியம் வழியாகப் போவதே இல்லை.

கட்டப் பாதையில் டூ-பாயிண்ட் மாடுலேஷன் (பிஎல்எல்லில் இரண்டு இடங்களில் சிக்னலைச் சேர்ப்பது) இருந்தால் விசிஓவின் (மின்னழுத்தத்தால் அதிர்வெண் மாறும் ஆசிலேட்டர்) கெயினை ஒருமுறை அளந்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சேனல் மாறினாலும் சூடு ஏறினாலும் அது நகரும், நகர்ந்தால் குறைந்த அதிர்வெண் பகுதியும் உயர் பகுதியும் ஒட்டாது.

அப்புறம், எல்லாம் சரிசெய்தும் பிழை போகவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையர் விசிஓவை இழுக்கிறதா (அதன் அதிர்வெண்ணை நகர்த்துகிறதா) என்று பாருங்கள். விசிஓவை இரட்டை அதிர்வெண்ணில் ஓட்டினாலும் ஆம்ப்ளிஃபையரின் இரண்டாம் ஹார்மோனிக் நேராக அதன் மேலேயே வந்து விழும். சோதனைக்கு மாட்டும் டம்மி லோடுக்குப் பதில் ஆன்டெனாவை மாட்டும்போது மட்டும் இவிஎம் கெட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இழுப்பையும் லோடு மாற்றத்தையும்தான். கையில் ஐசொலேட்டர் (திரும்பி வரும் சிக்னலைத் தடுக்கும் பாகம்) இருந்தால் நடுவில் போட்டு ஒருமுறை அளந்து பாருங்கள்.