இதயம் காப்போம் திட்டம்: அந்த 14 மாத்திரைகள் எதற்காக?

மாரடைப்பு ஏற்பட்டவருக்கு, அவர் பெரிய மருத்துவமனையைச் சென்றடையும் முன்பே முதல் மருந்து கிடைத்துவிட வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2023 ஜூன் மாதத்தில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி, நெஞ்சு வலியோடு வருபவருக்கு மாரடைப்பாக இருக்கலாம் என்று தெரிந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ‘லோடிங் டோஸ்’ எனப்படும் தொடக்க அளவு மருந்து கட்டணமின்றி வழங்கப்படுகிறது. 150 மி.கி. ஆஸ்பிரின் இரண்டு, 75 மி.கி. குளோபிடோக்ரல் நான்கு, 10 மி.கி. அடோர்வாஸ்டாடின் எட்டு என மொத்தம் 14 மாத்திரைகளும் ஒரே வேளையில் தரப்படுகின்றன.

எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாயின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுவதால்தான் பெரும்பாலான மாரடைப்புகள் நேர்கின்றன. ரத்தம் முற்றிலும் நின்று ஏறத்தாழ 20 நிமிடங்களில் தசை செல்கள் மடியத் தொடங்குகின்றன. இந்தச் சேதம் இதயச் சுவரின் உட்பக்கத்தில் ஆரம்பித்து, அடுத்த சில மணி நேரத்தில் வெளிப்பக்கம் நோக்கிப் பரவுகிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை, அந்த இடத்தில் தழும்பு மட்டுமே உருவாகிறது. தழும்பின் பரப்பு கூடக்கூட இதயத்தின் ரத்தம் இறைக்கும் திறன் குறைந்து, உயிர் பிழைத்தவர்கூடப் பின்னாளில் மூச்சிரைப்பு, கால் வீக்கம் முதலியவற்றால் அவதிப்பட நேரிடும். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ரத்தத் தட்டணுக்கள் மேலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுத்து உறைகட்டி பெரிதாவதைக் கட்டுப்படுத்துகின்றன. அடோர்வாஸ்டாடின் கொழுப்புத் திட்டு மேலும் சிதையாமல் நிலைபெற உதவுகிறது.

ஆனால் இம்மாத்திரைகள் ஏற்கெனவே உண்டான அடைப்பைக் கரைப்பதில்லை. மாத்திரை போட்டதும் வலி சற்றுக் குறைந்தது என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவதைப் போல ஆபத்தானது வேறில்லை என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கட்டணமில்லாத 108 ஆம்புலன்ஸில் ஏறி, உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போடும் வசதியோ, ‘கேத் லேப்’ (ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பைக் கண்டு நீக்கும் கூடம்) வசதியோ உள்ள மருத்துவமனைக்கு உடனே சென்றாக வேண்டும். அடைபட்ட குழாயைச் சிறு பலூனால் விரித்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை விரைவில் செய்ய முடியாத தொலைவில் இருப்பவருக்கு முதலில் ஊசியைச் செலுத்தி, பிறகு கேத் லேப் உள்ள இடத்துக்கு அனுப்புவதும் உலகெங்கும் ஏற்கப்பட்ட முறையே.

இதே மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே விழுங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு, மூளையில் ரத்தக் கசிவு, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகியவை உள்ளவர்களுக்கு இவை கேடு செய்யக்கூடும் என்பதால், அத்தகைய தொல்லைகள் இருந்தால் மருந்து தரும் பணியாளரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். எந்த மருந்து, எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கி அடுத்த மருத்துவரிடம் காட்டினால், அதே மருந்து மறுபடியும் தரப்படுவதைத் தவிர்க்கலாம்.

ஆஞ்சியோபிளாஸ்டி, குழாய் மீண்டும் சுருங்காமல் உள்ளே பொருத்தப்படும் வலைக்குழலான ஸ்டென்ட் ஆகியவற்றுக்கான செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் இதில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இதற்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் தேவை. காப்பீட்டு அட்டை கையில் இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சை தொடங்கிய பின் குடும்பத்தினர் அதைக் கவனித்துக்கொள்ளலாம்.