மெல்லிய லேப்டாப் வாங்கும் முன் ராம் ஸ்லாட்டைக் கேளுங்கள்

வேலூரில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். கீழ் மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பதுதான் அன்றாட வேலை. கம்ப்யூட்டர் சயின்ஸும் எம்சிஏவும் படிக்கிற பிள்ளைகள், காட்பாடியில் ரயில் பிடித்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் வருகிறவர்கள், வீட்டிலிருந்தே கோடிங் வேலை பார்க்கிறவர்கள் என்று கடைக்கு வருவோரில் சாப்ட்வேர் ஆட்கள் அதிகம். அவர்கள் கேட்பதில் ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் மனதைக் கஷ்டப்படுத்துகிறது. "அண்ணா, மெஷின் ரொம்ப ஸ்லோவா இருக்கு. இன்னொரு எட்டு ஜிபி ராம் மட்டும் போட்டுக் கொடுங்க" என்பார்கள். ராம் என்பது வேலை நடக்கும்போது மெஷின் பயன்படுத்தும் மெமரி. திறந்தால் அதைச் செருக ஸ்லாட்டே இருக்காது. மதர்போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டியிருப்பார்கள். பல பேருக்கு இஎம்ஐகூட முடிந்திருக்காது.

எடை குறைந்த லேப்டாப் வேண்டும், அதே சமயம் கோடிங்குக்குத் தாங்க வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை. பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் அலைகிறவர்களுக்கு அரைக் கிலோ குறைந்தாலும் தோள் அதை உணரும். ஆனால் மெல்லிய லேப்டாப்புக்கு ஒரு குணம் உண்டு. வாங்கும் நாளில் என்ன எடுத்தோமோ அதோடுதான் கடைசிவரை. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் செல்லாது. அதனால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ராமைப் பற்றிப் பேசுகிறேன்.

ராமை போர்டிலேயே ஒட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்லாட் வைத்தால் தடிமன் கூடும். ஒட்டுகிற வகையான எல்பிடிடிஆர் ராம் கரண்ட்டும் குறைவாக எடுக்கும், வேகமாகவும் ஓடும். ஆகவே அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 என்று முன்னால் 'எல்பி' இருந்தால் அநேகமாக ஒட்டியதுதான். டிடிஆர்4, டிடிஆர்5 என்று மட்டும் போட்டு 'சோடிம்' என்றிருந்தால் ஸ்லாட் உண்டு. வெறும் டிடிஆர் என்று போட்டுவிட்டு 'ஆன்போர்டு' என்றிருந்தால் அதுவும் ஒட்டியது. சிலவற்றில் 8 ஜிபி ஒட்டியிருக்கும், கூடவே ஒரு ஸ்லாட்டும் இருக்கும். அது நல்ல ஏற்பாடு. பின்னால் 16 ஜிபி போட்டு 24 ஆக்கிக்கொள்ளலாம். இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ராம் பிராசசரோடு ஒரே பேக்கேஜில் உட்கார்ந்திருக்கும். 16 அல்லது 32, வேறு வழியில்லை. மேக்புக்கிலும் இதே கதைதான். 2024 அக்டோபரிலிருந்து ஆப்பிள் புது மேக்புக் ஏர்களை 16 ஜிபியிலிருந்துதான் விற்கிறது, ஆனால் பழைய 8 ஜிபி ஏர்கள் செகண்ட் ஹேண்டில் இன்னமும் நிறையக் கைமாறுகின்றன.

கடையில் டெமோ பீஸ் இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டிப் பாருங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'சோடிம்' என்று வந்தால் ஸ்லாட். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் ஒட்டியது. விற்பனையாளர் என்ன சொன்னாலும் இதைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

8 ஜிபி ஏன் போதாது என்று சில அப்பாக்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அவர்கள் பணம் கட்டுகிறவர்கள். கணக்கு இப்படித்தான் போகிறது. விண்டோஸ் 11 சும்மா திறந்திருக்கும்போதே 3, 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான மெமரியும் இதிலிருந்துதான் போகிறது. ஏஎம்டியின் ரைசன் பிராசசர் போட்ட 8 ஜிபி லேப்டாப்பில் 5.8 ஜிபிதான் பயன்படும் என்று காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் கோடு எழுதும் விஎஸ் கோட், பத்துப் பதினைந்து டேபோடு குரோம். ஆப்களைத் தனித்தனிப் பெட்டிபோல் ஓட்டும் டாக்கரைப் போட்டால், அதற்குக் கீழே விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 வேறு ஒன்றும் மாற்றாவிட்டால் மொத்த ராமில் பாதிவரை எடுத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு ஆப் செய்யும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை, திரையிலேயே ஒரு போனைக் காட்டும் எமுலேட்டரோடு ஓட்ட குறைந்தது 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. ராம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை ஸ்டோரேஜான எஸ்எஸ்டியில் கொண்டுபோய் வைக்கும், எடுக்கும், மறுபடி வைக்கும். "பிராசசர் ஐ7தான், ஆனா தொங்குது" என்று கொண்டுவருகிற மெஷின்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

ஆகவே ராம் ஒட்டிய லேப்டாப் என்றால் 16 ஜிபிக்குக் கீழே போகவே வேண்டாம். ஆண்ட்ராய்டு, டாக்கர், விர்ச்சுவல் மெஷின் (மெஷினுக்குள் ஓடும் இன்னொரு மெஷின்) என்று நான்கு வருடம் உழைக்க வேண்டியது என்றால் 32 எடுங்கள். பட்ஜெட் இடித்தால் பிராசசரில் ஒரு படி இறங்கி ராமில் ஏறுங்கள். ஸ்லாட் இருக்கிற மாடல் என்றால் இப்போது 8, பிறகு கூட்டலாம் என்று வாங்கலாம்தான். ஆனால் 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியது. தனியாக வாங்கும் விலையையும் 16 ஜிபி மாடலுக்குக் கேட்கும் கூடுதல் பணத்தையும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பிராசசரில் மக்கள் பார்ப்பது ஐ5, ஐ7 என்ற எண்ணை மட்டும். கடைசியில் வரும் எழுத்தைப் பார்ப்பதில்லை. கோர் என்பது பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதி. இன்டெல் ஐ7-1355யு என்பதில் பெரிய கோர் இரண்டு, சிறிய கோர் எட்டு. ஐ5-13500எச் என்பதில் பெரிய கோர் நான்கு, சிறியது எட்டு. பெரிய புராஜெக்ட்டை பில்டு செய்யும்போது, அதாவது எழுதிய கோடை ஓடும் ஆப்பாக மாற்றும்போது, அந்த ஐ5 இந்த ஐ7-ஐ முந்திவிடும். கோர் அல்ட்ராவிலும் அப்படித்தான்: அல்ட்ரா 7 155யுவில் பெரிய கோர் இரண்டு, அல்ட்ரா 5 125எச்சில் நான்கு. யு என்பது 15 வாட்டை அடிப்படையாக வைத்த சிப். பேட்டரி நிற்கும், சூடு குறைவு. எச் அதிகம் குடிக்கும், அதிகம் உழைக்கும். வெப் டெவலப்மென்ட், பைத்தான், ஜாவா பாடங்கள் என்றால் யு தாராளமாகப் போதும். நாள் முழுக்க பில்டு ஓட்டுகிறவர்கள்தான் எச் தேட வேண்டும்.

ரைசனில் எண்ணிலேயே ஒரு பொறி இருக்கிறது, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 7000 வரிசையில் முதல் இலக்கம் அது விற்பனைக்கு வந்த வருடத்தைக் குறிப்பது. உள்ளே இருக்கும் வடிவமைப்பைக் காட்டுவது மூன்றாவது இலக்கம். ரைசன் 5 7520யு என்றால் மூன்றாவது இலக்கம் 2. அது ஏஎம்டியின் ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். ரைசன் 5 7530யு ஜென் 3, ஆறு கோர். ரைசன் 5 7640யு ஜென் 4, ஆறு கோர். மூன்றின் மேலும் 'ரைசன் 5, 7000 சீரிஸ்' என்ற ஒரே வாசகம்தான் இருக்கும். மலிவான மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் 7520யுதான். 2019-இல் வந்த வடிவமைப்பைப் புதுசு என்று நினைத்து வாங்கிப் போகிற பிள்ளைகளைப் பார்க்கையில் கோபம் வருகிறது.

இனி நம் ஊர் வெயில். யூடியூபில் லேப்டாப் சோதிப்பவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து சோதிக்கிறார்கள். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமான சங்கதி. சுற்றியிருக்கிற பாறை மலைகள் இரவிலும் அனலை விடாது, மாடி அறையில் ஃபேன் காற்றே சுடும். ஆப்பிள் தன் மேக்புக்குக்கு 10 முதல் 35 டிகிரி வரையான சூழலைத்தான் சொல்கிறது. லெனோவோவின் திங்க்பேட்களுக்கும் மேல் வரம்பு 35 தான். பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறை 25 டிகிரி என்றால் அதற்கும் சிப்புக்கும் இடைவெளி 75. அறை 40 என்றால் இடைவெளி 60 தான். அதே ஃபேன், சூட்டை இழுக்கும் அதே உலோகமான ஹீட்சிங்க் வெளியே தள்ளும் சூடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். உடம்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம் இந்தக் கட்டம் வரும். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் எச் பிராசசர் போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் வந்தால், முதல் சில நிமிடங்களுக்கு மேல் அந்த வேகம் நிற்குமா என்று யோசியுங்கள்.

ஃபேனே இல்லாத 13 அங்குல மேக்புக் ஏர் சுமார் 1.24 கிலோ. சின்னச் சின்ன வேலைகளில் மின்னல் வேகம், சத்தம் கிடையாது, பேட்டரியும் நிற்கும். ஏசி இல்லாத அறையில் அரை மணி நேரம் பில்டு ஓடினால் வேகம் இறங்கும். ஐபோன் ஆப் செய்கிறவர்களுக்கு மேக் தவிர வேறு வழியில்லை, அதற்கான எக்ஸ்கோட் சாப்ட்வேர் அதில் மட்டும்தான் ஓடும். ஆனால் கல்லூரி லேபில் கொடுக்கும் விர்ச்சுவல் மெஷின்கள் பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டிக்காகச் செய்தவை, மேக்கின் எம் சிப்களில் அவை நேராக ஓடாது. ஸ்நாப்டிராகன் எக்ஸ் சிப்போடு வரும் விண்டோஸ் லேப்டாப்களிலும் இதே சிக்கல். சேர்ந்திருக்கும் துறையில் சீனியர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பேட்டரியை எத்தனை மணி நேரம் என்று பார்க்காதீர்கள், எத்தனை வாட்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) என்று பாருங்கள். 40 சுற்றி இருந்தால் சின்னது, 55க்கு மேல் நல்லது, 70 என்றால் தாராளம். காட்பாடியிலிருந்து பெங்களூர் போகும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸிலோ லால்பாக் எக்ஸ்பிரஸிலோ பிளக் பாயின்ட்டைத் தேடாமல் வேலை பார்க்க இதுதான் உதவும். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் சாகும். 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு ஒரு வருடம் கிடந்தால் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எப்போதும் சார்ஜரிலேயே போட்டு வேலை செய்கிறவர்கள், கம்பெனி கொடுக்கும் செட்டிங்கில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வையுங்கள். டச்பேட் அழுந்தாமல் விறைத்தாலோ மூடி சரியாகப் பொருந்தாமல் தூக்கிக்கொண்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், அணைத்துவிட்டு சர்வீசுக்குக் கொண்டுபோங்கள். மெத்தைமேல் வைத்து ஓட்டுவதையும் விடுங்கள். பல லேப்டாப்கள் காற்றைக் கீழிருந்துதான் இழுக்கின்றன. விடுதிப் பிள்ளைகள் கொண்டுவரும் மெஷின்களின் ஃபேனில் நான் எடுக்கும் பஞ்சுக்கும் தூசிக்கும் அளவில்லை.

விளம்பரத்தில் போடும் எடையில் சார்ஜர் சேராது. கேமிங் லேப்டாப் இரண்டே கால், இரண்டரைக் கிலோ, அதன் சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல். "கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம எப்படிண்ணா ஏஐ படிக்கிறது?" என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பாடத்துக்கான அளவுக்கு பிரவுசரிலேயே ஓடும் கூகுள் கோலாப் இலவசமாகவே ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) கொடுக்கிறது. கேம் விளையாடத்தான் என்றால் சரி, வாங்குங்கள். கோடிங்குக்கு என்றால் அந்தப் பணம் ராமுக்குப் போகட்டும். சார்ஜர் டைப்-சி 65 வாட் என்றால் போனுக்கும் அதுவே ஆகும், பையிலும் ஒரு சுமை குறையும்.

திரையில் 1920க்கு 1200 என்று உயரம் கூடிய வகை கோடு எழுத வசதி, ஒரே பார்வையில் சில வரிகள் கூடுதலாகத் தெரியும். வெளிச்சம் 300 நிட்ஸ் இருக்கட்டும். 250 என்றால் ஜன்னலோர சீட்டில் ஒன்றும் தெரியாது. எஸ்எஸ்டி 512 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை. அது பெரும்பாலும் மாற்றக்கூடியது என்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

பட்ஜெட் குறைவு என்றால் பழைய பிசினஸ் லேப்டாப்கள் நல்ல வழி. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலும் நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. ஆனால் 'ஐ7' என்ற ஸ்டிக்கரை நம்பாதீர்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸ் 11-க்கு ஆதரவில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும் எட்டுக்குக் கீழான மெஷின்கள் சரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். டிசைன் கெபாசிட்டிக்கும் (புதிதில் இருந்த கொள்ளளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டிக்கும் (இப்போது நிரம்புவது) உள்ள வித்தியாசத்தைப் பார்த்து விலை பேசுங்கள். விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸில் பாஸ்வேர்டு இல்லாததை நீங்களே உள்ளே போய் உறுதி செய்யுங்கள். மேக் என்றால் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீங்கியிருக்க வேண்டும்.

புதிதோ பழையதோ, மாடல் பெயரை மட்டும் வைத்து வாங்காதீர்கள். திங்க்பேட் இ14 ஐந்தாம் ஜெனரேஷனில் ராம் ஒன்று ஒட்டியது, ஒரு ஸ்லாட். ஆறாம் ஜெனரேஷன் இன்டெல் மாடலில் இரண்டும் ஸ்லாட். பெட்டிமேல் இருக்கும் முழு பார்ட் நம்பரை கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்து, அதே நம்பர் பில்லிலும் வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக வாரன்ட்டி. ஆன்சைட் என்று எழுதியிருந்தாலும் உங்கள் பின்கோடுக்கு எஞ்சினியர் வீட்டுக்கு வருவாரா, அல்லது நீங்கள் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று கேளுங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.