சண்டை இல்லாத கேம் என்றால் வம்பும் இருக்காதா?

போன வாரமும் கேம் தயாரிக்கும் ஒரு ஸ்டுடியோ என்னிடம் வந்தது. தோட்டம் போடுவது, மீன் பிடிப்பது, வீட்டை அலங்கரிப்பது, ஊர்க்காரர்களோடு பழகுவது என்று முந்தைய பாகங்கள் எல்லாம் தனியாக உட்கார்ந்து விளையாடுகிறவர்களுக்காகவே வந்த கேம் தொடர். அடுத்த பாகத்தில் ஆன்லைன் மல்டிபிளேயரை, அதாவது இணையம் வழியாகப் பலர் சேர்ந்து விளையாடும் வசதியை, சேர்த்திருக்கிறார்கள். வெளியீட்டுக்குச் சில வாரங்களே பாக்கி. "பாதுகாப்பு விஷயத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொல்லிவிடுங்கள்" என்றார்கள். ஒரு ஆளை பிளாக் பண்ண வழி இருக்கிறதா என்று கேட்டேன். "எங்கள் கேமில் சண்டையே கிடையாதே, யாரை பிளாக் பண்ணப் போகிறார்கள்?" என்று பதில் வந்தது.

ஆன்லைன் கேம்களில் விளையாடுகிறவர்களின் பாதுகாப்பைத் திட்டமிடுவதுதான் என் தொழில். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆளுக்கு ஆள் தனித்தனியாக விளக்குவதை விட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

துப்பாக்கி கேமை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட ஆட்டம். எதிரி உங்களைச் சுட்டான், தோற்றீர்கள், கோபம் வந்தது. அடுத்த ஆட்டத்தில் எல்லாம் முதலிலிருந்து. அவன் உங்களிடமிருந்து கொண்டுபோனது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். இப்படித் தோட்டம், வீடு என்று வாழ்ந்து பார்க்கும் வாழ்க்கை கேம் அப்படியா? அங்கே ஒவ்வொரு மரமும் அந்த ஆள் கையால் வைத்தது. பாதை, வேலி, வாசலில் எந்த நிறப் பூவுக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதெல்லாம் பல மாத உழைப்பு. வேலை முடிந்து வந்து தினமும் கொஞ்ச நேரம் மன ஆறுதலுக்காகச் செய்தது. அந்த இடத்துக்குள் இன்னொரு மனிதரை விடுகிறீர்கள். துப்பாக்கி இல்லை என்பதால் இழப்பு சின்னதாகிவிடாது. இழக்க இவ்வளவு இருப்பதால் அது பெரிதாகத்தான் இருக்கும்.

இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். கேமின் கதையில் வன்முறை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. கேமுக்குள் வரும் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு உங்கள் ஓவியர்களும் எழுத்தாளர்களும் பதில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. வயது முத்திரையும் முதல் கேள்விக்குத்தான். அமெரிக்காவில் கேம்களுக்கு வயது மதிப்பீடு தரும் ஈஎஸ்ஆர்பி, ஆன்லைனில் நடக்கும் உரையாடல்களைத் தாங்கள் மதிப்பிடவில்லை என்று வெளிப்படையாகவே அறிவிக்கிறது. சிறு குழந்தைக்கும் ஏற்றது என்ற முத்திரையைக் காட்டி, "பாருங்கள், எங்கள் ஆன்லைனும் பாதுகாப்பானது" என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருப்பதையும் படித்துவிட்டு வாருங்கள்.

சரி, கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்களைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் நல்ல மனிதர்கள். இந்த வகை கேம்களில் நான் பார்க்கும் சேதத்தில் பெரும்பகுதி நல்ல மனிதர்கள் செய்ததுதான்.

ஒரு ப்ளேடெஸ்ட், அதாவது வெளியீட்டுக்கு முன் ஆட்களை விளையாடவைத்துப் பார்க்கும் சோதனை. ஒரு பெண், மற்றவர்கள் உள்ளே வரட்டும் என்று கேமில் தன் கிராமத்தின் வாசலைத் திறந்துவைத்திருந்தார். வீடு வரைக்கும் கல்பாதை, இருபுறமும் பூச்செடிகள், வெள்ளையில் தொடங்கி ஊதா வரை நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும். விருந்தாளியாக ஒரு பையன் உள்ளே வந்தான். ரொம்ப மரியாதையான பையன். வந்ததும் கையசைத்தான், பிறகு பாதையோரமாக நடந்துகொண்டே பூக்களை ஒவ்வொன்றாகப் பறித்தான். மரத்தை உலுக்கினான், பழம் விழுந்தது, எடுத்துக்கொண்டான். கடைசியில் எல்லாவற்றையும் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் குவித்துவிட்டு, சிரிக்கிற எமோட் (பாத்திரம் காட்டும் முகபாவம்) போட்டான். அவனைப் பொறுத்தவரை அது பரிசு. அந்தப் பெண் "பரவாயில்லை" என்று டைப் செய்தார். அதற்குப் பிறகு வந்த டெஸ்ட் அமர்வுகளில் அவர் வாசலைத் திறக்கவே இல்லை.

அந்தப் பையன் மேல் என்ன தப்பு? தனியாக விளையாடும்போது தரையில் கிடப்பதை எல்லாம் பொறுக்கு, மரத்தை உலுக்கு, பை நிறையச் சேர் என்று முந்தைய பாகங்கள் அவனுக்குப் பல வருடமாகக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அதே பழக்கத்தோடு அடுத்தவர் ஊருக்குள் அவனை அனுப்பினால் வேறென்ன செய்வான்? ஒற்றை ஆள் கேமின் விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு ஆன்லைனை மட்டும் மேலே ஒட்டவைத்தால் இதுதான் நடக்கும். நெட்வொர்க் வேலையை எல்லாரும் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. 'இது யாருடையது' என்ற கேள்வியை மட்டும் யாரும் தொடுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த அமர்வின் பதிவில் ஒரு ரிப்போர்ட் கூட இல்லை. அமர்வு நேரம் நீளம், எமோட்கள் நிறைய. அட்டவணையில் அது வெற்றி. காயப்பட்டவர் புகார் கொடுக்கவில்லை, வாசலைச் சாத்திக்கொண்டார். சண்டை கேமில் ஆத்திரப்பட்டவர் சத்தம் போடுவார், உங்களுக்குத் தெரிந்துவிடும். இந்த கேம்களை விளையாட வருகிறவர்களில் பலர் சத்தத்திலிருந்து விலகி வந்தவர்கள். அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஆகவே எத்தனை ரிப்போர்ட் வந்தது என்று பார்க்காதீர்கள். ஒருமுறை வாசலைத் திறந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி திறந்தார்கள் என்று பாருங்கள்.

இதற்குத் தீர்வு தேடி எங்கும் அலைய வேண்டாம், கண்முன்னே இருக்கிறது. நின்டெண்டோ நிறுவனத்தின் அனிமல் கிராஸிங், ஊர் அமைத்து வாழும் கேம் தொடர், 2001இல் தொடங்கியது. 2005இல் வந்த வைல்டு வேர்ல்டில்தான் முதல்முறையாக இணையம் வழியாக அடுத்தவர் ஊருக்குப் போக முடிந்தது. 2020இல் வந்த நியூ ஹொரைஸன்ஸில் சாதாரண நண்பராக வருகிறவர் உங்கள் தீவில் மண்வெட்டியையோ கோடாரியையோ பயன்படுத்த முடியாது. நெருங்கிய நண்பர் என்று நீங்களே குறித்தவருக்கு மட்டும்தான் அந்த உரிமை. அதே ஆண்டு கனவு வழியாக ஒரு தீவைச் சுற்றிப்பார்க்கும் வசதியும் சேர்ந்தது. அங்கே விருந்தாளி எதை வெட்டினாலும் பறித்தாலும் அசல் தீவில் ஒரு புல்கூட அசையாது. ஊரை நாலு பேருக்குக் காட்ட வேண்டும், ஆனால் பயமாகவும் இருக்கிறது என்பவருக்கு இதை விட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை.

ஆனாலும் நியூ ஹொரைஸன்ஸிலேயே, கனவாக இல்லாமல் நேரில் வந்தால், மரத்துப் பழமும் தரையில் வைத்த பொருளும் விருந்தாளி கைக்கு எட்டும். எட்டு பேர் கூடியிருக்கும்போது ஒருவருடைய இணைப்பு முறையாக வெளியேறாமல் அறுந்தால், மொத்தப் பேரும் கடைசியாகச் சேவ் ஆன இடத்துக்குத் திரும்பிப் போவார்கள். ஒரே பொருள் இரண்டு பேரிடம் பெருகிவிடாமல் இருக்க அதற்கொரு தொழில்நுட்பக் காரணம் உண்டு, நியாயமானதுதான். ஆனால் ஒரு மணிநேரம் பரிசு பரிமாறிக்கொண்ட இரண்டு பேருக்கு, மூன்றாவது ஆளின் வைஃபை போனதால் எல்லாம் இல்லாமல் போனது என்றால் மனசு விட்டுப்போகும். இடையிடையே சேவ் செய்யுங்கள். முடியாதென்றால், முடியாது என்று திரையில் எழுதிவைக்கவாவது செய்யுங்கள்.

உரிமைக் கேள்வி இன்னும் ஆழமாக வருவது கூட்டுப் பண்ணையில். ஸ்டார்டியூ வேலி 2016இல் தனியாள் கேமாக வந்தது, 2018இல் கணினியில் மல்டிபிளேயர் சேர்ந்தது. அங்கே பண்ணை, அதைத் தொடங்கி மற்றவர்களை அழைத்த ஹோஸ்ட்டின் கணினியில் இருக்கும் சேவ் கோப்பில்தான் வாழ்கிறது. கூட விளையாடுகிறவருடைய குடிசை, பெட்டி, பொருள் எல்லாம் அதற்குள்தான். சேர்ந்திருக்கும் வரை இது இனிமை. நட்பு முறிந்தால்? காதல் முறிந்தால்? ஹோஸ்ட் இல்லாமல் மற்றவர் அந்தப் பண்ணைக்குள் காலடி வைக்க முடியாது. இதே ஏற்பாட்டில் வந்த வேறு கேம்களில், பிரிந்துபோன நண்பர் தன்னை உள்ளே விட மறுக்கிறார், ஏதாவது செய்து கொடுங்கள் என்று உதவி மையத்துக்கு எழுதும் கடிதங்களைப் படித்திருக்கிறேன். உதவி மையம் ஒன்றும் செய்ய முடியாது, கோப்பு அவர் வீட்டில் இருக்கிறது. பண்ணையின் பிரதி ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு பிரியும் வசதியை முதல் நாளே திட்டத்தில் வையுங்கள். பின்னால் சேர்ப்பது மகா கஷ்டம்.

இப்போது கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்கள். "எங்களிடம் அந்நியர்களோடு சேர்த்துவிடும் வசதியே இல்லை, நண்பர் குறியீடு பரிமாறிக்கொண்டவர்கள் மட்டும்தான் சந்திக்க முடியும்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். நின்டெண்டோவின் 3டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவியில் ஸ்வாப்நோட் என்று ஒரு ஆப் இருந்தது. கையால் எழுதிய, வரைந்த சின்னச் சின்னக் கடிதங்களை நண்பர்களுக்கு அனுப்பலாம், படமும் சேர்க்கலாம். பார்க்க அவ்வளவு அழகு. 2013 அக்டோபர் இறுதியில் நின்டெண்டோ இணையம் வழியாக அனுப்பும் அந்த வசதியையே நிறுத்தியது. சிறுவர்கள் உட்படச் சிலர் தங்கள் நண்பர் குறியீட்டை இணையப் பலகைகளில் பகிர்ந்திருந்தார்கள், அந்த வழியாகத் தகாத விஷயங்கள் கைமாறின. குறியீடு யார் கையில் போகிறது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. நியூ ஹொரைஸன்ஸில் டர்னிப் கிழங்குக்கு நல்ல விலை கிடைக்கும் நாளில் மற்றவர்கள் வந்து விற்பதற்காகத் தன் தீவுக்கான ஐந்தெழுத்துக் குறியீட்டைப் பொதுவெளியில் போட்டவர்கள் 2020இல் எத்தனை பேர்!

இந்த வகை கேம்களில் தீய எண்ணக்காரர் மிரட்டிக்கொண்டு வருவதில்லை, கொடுத்துக்கொண்டு வருவார். அபூர்வமான நாற்காலி, கிடைக்காத விதை, கேட்காமலே பணமூட்டை. வாங்கிய பிள்ளைக்குக் கடன்பட்ட உணர்வு வந்துவிடும். அடுத்த பேச்சு, "இங்கே டைப் பண்ணக் கஷ்டமாக இருக்கிறது, வேறு ஆப்பில் பேசலாமா?" அந்த ஒரு வரிதான் எங்கள் தொழிலில் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது. கெட்ட வார்த்தைகளைத் தடுக்கும் வடிகட்டி இதைப் பிடிக்காது, அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை.

ஆகவே ஸ்டுடியோக்காரர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாக் பண்ணும் பொத்தான் வெளியீட்டு நாளிலேயே இருக்க வேண்டும், விருந்தாளி எதிரில் நிற்கும்போதே இரண்டே அழுத்தலில் கிடைக்க வேண்டும். வெளியேற்றப்பட்டவருக்கு 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று மட்டும் காட்டுங்கள், யார் துரத்தினார் என்று காட்டாதீர்கள். காட்டினால் பயந்த சுபாவக்காரர்கள் அந்தப் பொத்தானைத் தொடவே மாட்டார்கள். எதையும் தொட முடியாத விருந்தாளி என்பதுதான் இயல்புநிலை அமைப்பாக இருக்கட்டும், உரிமைகளை வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்துவிடட்டும். விருந்தாளி போன பிறகு ஊரை அவர் வருவதற்கு முந்தைய நிலைக்குத் திருப்பும் வசதி கொடுங்கள். முதலில் பேச்சைக் கண்காணித்துப் புகார்களைக் கவனிக்கும் மாடரேட்டர்களுக்கு வழி பண்ணுங்கள், அப்புறம் வாய்ஸ் சாட்டைச் சேருங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. அப்புறம், தனியாக விளையாடுகிறவருக்கு ஆன்லைன் இல்லாமல் ஒரு பூவோ ஒரு நாற்காலியோ கிடைக்காமல் போகக் கூடாது. அவர்கள்தான் உங்கள் தொடரை இவ்வளவு தூரம் தூக்கிவந்தவர்கள்.

பெற்றோர்களே, உங்களைத் திட்ட எனக்கு மனமில்லை. பொம்மை மாதிரி இருக்கும் கேமைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. ஒரே ஒரு வேண்டுகோள்தான். 2025இல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவியில், விளையாடிக்கொண்டே பேசும் வசதியான கேம்சாட்டை 16 வயதுக்குட்பட்டவர்கள் பயன்படுத்தப் பெற்றோர் போனில் ஆப் வழியாக அனுமதி தர வேண்டும். இப்படி ஒரு கேள்வி உங்கள் போனுக்கு வரும்போது, சமையலுக்கு நடுவில் ஓகேயைத் தட்டிவிடாதீர்கள். யாரோடு பேசப்போகிறாய் என்று கேளுங்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள், "இதை யார் கொடுத்தார்கள்?" என்று ஆசையாகவே கேளுங்கள். பரிசுகளின் கதை வெளியே வந்தால் ஆட்களின் கதையும் வந்துவிடும். கேமைப் பிடுங்கிவிடுவேன் என்று மட்டும் மிரட்டாதீர்கள். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

கடைசியாக, எந்த ஸ்டுடியோவும் பேச விரும்பாத ஒன்று. சர்வர் ஒருநாள் மூடப்படும். 2002 டிசம்பரில் வந்த தி சிம்ஸ் ஆன்லைன் 2008 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, வீடுகள் சர்வரிலேயே இருந்ததால் சேர்ந்து போயின. வைல்டு வேர்ல்டின் இணையச் சேவை 2014 மே மாதம் நின்றது, ஆனால் ஊர்கள் அவரவர் கேம் கார்டிலேயே இருந்ததால் இன்றும் திறந்து பார்க்கலாம். உங்கள் கேம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று இப்போதே முடிவெடுங்கள், வாங்குகிறவருக்குப் பெட்டியின் மேலேயே சொல்லிவிடுங்கள்.