மலையில் மனை வாங்குகிறீர்களா? வரைபடத்தின் பச்சையை மட்டும் நம்பாதீர்கள்

"சார், நம்ம இடம் பச்சையிலதானுங்களே வருது? அப்புறம் என்ன பயம்?"

நீலகிரியில் மனை வாங்க நினைக்கிறவர்கள் புவியியலாளரான என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். செல்போனில் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலச்சரிவு வரைபடம் திறந்திருக்கும். பெரிதாக்கிப் பெரிதாக்கி, நிறங்கள் கட்டம் கட்டமாகச் சிதறுகிற அளவுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அந்தக் கட்டங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இதுதான் நம்ம இடம்" என்பார்கள். இப்படி ஒரு வரைபடத்தைத் தேடிப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பார்க்கிற விதம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

இந்தத் துறையில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதிலேயே நிறையக் குழப்பம் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் மத்திய அரசின் அமைப்பு. நிலக்கரி தேடுவதற்காக 1851-இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் தொடங்கப்பட்டது. தலைமையகம் கொல்கத்தா. 2004 முதல் நிலச்சரிவு ஆய்வுக்கான தலைமை அமைப்பும் இதுதான். நீங்கள் செல்போனில் பார்க்கிற சிவப்பு (சரிவு வாய்ப்பு அதிகம்), மஞ்சள் (நடுத்தரம்), பச்சை (குறைவு) எல்லாம் இவர்கள் 2014-இல் தொடங்கிய தேசிய நிலச்சரிவு வரைபடத் திட்டத்தின் பலன். இமயமலையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை வரை 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தை அதில் வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

மாநில அரசின் புவியியல் மற்றும் சுரங்கத் துறை இதிலிருந்து வேறு. கிண்டியில் தலைமையகம், மாவட்டந்தோறும் அலுவலகம். ஊரில் கேட்டால் 'கனிமவள ஆபீஸ்' என்பார்கள். குவாரி குத்தகை, நடைச்சீட்டு, மண் லாரி பிடிப்பது என்று அரசுக்கு வருமானம் வருகிற வேலைகளில்தான் இந்தத் துறையின் பெயர் அடிபடும். மலை மாவட்டங்களில் இதற்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் (எல்லோரும் சொல்வது 'ஹாகா') பட்டியலில் உள்ள கிராமங்களில் கட்டட அனுமதி கேட்டால், வனத்துறை, வேளாண் பொறியியல் துறையோடு இந்தத் துறையின் கருத்தும் வேண்டும். அந்தச் சரிவு தாங்குமா, எவ்வளவு வெட்டலாம், தண்ணீரை எங்கே விட வேண்டும் என்று புவியியலாளர் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும். பெரும்பாலானவர்கள் அந்தத் தாளை 'என்ஓசி' என்று மட்டும் பார்க்கிறார்கள். கையில் கிடைத்ததும் ஃபைலில் போட்டுவிடுகிறார்கள். அதில் எழுதியிருக்கிற நிபந்தனைகளைக் கட்டுகிற மேஸ்திரி ஒரு முறையாவது படித்திருப்பாரா என்று கேட்டால், பதில் உங்களுக்கே தெரியும்.

வரைபடத்துக்கு வருவோம். அதன் அளவுகோல் 1:50,000. அதாவது வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். ஒரு மில்லிமீட்டர் என்றால் 50 மீட்டர். நீங்கள் வாங்கப்போகிற ஐந்து சென்ட் மனை சுமார் 200 சதுர மீட்டர், தோராயமாக 14-க்கு 14 மீட்டர். அச்சிட்ட தாளில் அது மூன்றில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே பேனாவால் கோடு போட்டால் அந்தக் கோட்டின் தடிமனுக்குள்ளேயே உங்கள் மனை, பக்கத்து மனை, இரண்டுக்கும் நடுவில் உள்ள பாதை எல்லாம் அடங்கிவிடும். செல்போனில் எவ்வளவு பெரிதாக்கினாலும் தகவல் பெரிதாகாது. ஒரு தாலுகாவில் எந்தப் பக்கத்துக்குச் சாலை போடலாம், எங்கே பள்ளிக்கூடம் கட்டக் கூடாது, முதலில் எந்த ஊரைப் போய் ஆராய வேண்டும் என்று முடிவெடுக்கத்தான் இது தயாரிக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில இடங்களில் 1:10,000 அளவில் நுணுக்கமாகவும் செய்கிறார்கள். அதுகூடத் தனி மனைக்கான சான்றிதழ் அல்ல.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மண் எங்கே பிடி விட்டுக் கிளம்ப வாய்ப்பிருக்கிறது என்பதைத்தான் இந்த வரைபடம் காட்டுகிறது. கிளம்பிய மண் எதுவரை போகும் என்பதைக் காட்டுவதில்லை. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் சரிவு தொடங்கிய இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், ஆள் குடியிருப்பில்லாத மலைச்சரிவில் இருந்தது. அங்கிருந்து பாறையும் மரமும் சேறுமாக ஆற்றோடு 8 கிலோமீட்டர் ஓடியது. முண்டக்கையும் சூரல்மலையும் அந்தப் பாதையில் இருந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் புதைந்தபோதும் இதே கதைதான். 70 பேர் இறந்தார்கள். பலர் கயத்தாறு பக்கமிருந்து தலைமுறைகளுக்கு முன் போனவர்களின் பிள்ளைகள். வீடுகள் ஓடையோரத்தில் தட்டையான நிலத்தில் இருந்தன. சரிவு கிளம்பிய இடமோ மலையின் மேலே, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில். தட்டை நிலத்தைப் பார்த்து, "இங்க ஏதுங்க சரிவு?" என்று கேட்கிறவர்களுக்கு நான் பெட்டிமுடியைத்தான் சொல்வேன். உங்கள் மனை எந்த நிறம் என்று பார்க்கிறவர்கள், மனைக்கு மேலே என்ன நிறம், அங்கிருந்து வருகிற ஓடை எந்த வழியாக இறங்குகிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஓடை என்றதும் சர்வே எண்ணுக்கான புல வரைபடத்தில் தேடுவார்கள். அதில் புறம்போக்காகக் குறித்த பெரிய ஓடைகள் இருக்கும். ஆபத்தானது பெரும்பாலும் அதில் இல்லாத, வருஷத்தில் பத்து நாள் மட்டும் தண்ணீர் ஓடுகிற சின்னப் பள்ளம். தேயிலைக்கு நடுவே லேசான குழிவாகத் தெரியும், கோடையில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. அதில் மண் கொட்டி நிரவி, "ரோடு டச் பிளாட்" என்று விற்றுவிடுகிறார்கள். இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட்டை, அதாவது மேடு பள்ளம் காட்டும் வரைபடத்தை (ஊட்டிக்கு 58ஏ/11, குன்னூருக்கு 58ஏ/15) எடுத்து, சம உயரக் கோடுகள் மலையின் மேட்டுப் பக்கமாக வளைந்து குவிகிற இடங்களைப் பாருங்கள். அதுதான் தண்ணீர் இறங்குகிற வழி. அந்த வழியில் எந்த விலைக்கு வந்தாலும் வீடு வேண்டாம்.

நீலகிரியின் பாறை சார்னோக்கைட். சென்னை பல்லாவரத்தில் குவாரிகளில் பார்க்கிற அதே நீலச்சாயல் கருங்கல்தான். வெட்டினால் இரும்பு மாதிரி இருக்கிற இந்தப் பாறைமேல் வீடு கட்டினால் பயமில்லை. ஆனால் அந்தப் பாறை தரைக்கு எவ்வளவு கீழே இருக்கிறது? லட்சக்கணக்கான வருஷ மழையில் மேலிருந்து மக்கிச் சிவந்து, பல இடங்களில் பத்து மீட்டர், இருபது மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் வெறும் மண்ணாக நிற்கிறது. மேலே செம்மண். அதற்குக் கீழே விரலால் நசுக்கினால் வழவழவென்று மாவாகிற வெளிறிய களி. களிக்கு நடுவே, மக்காமல் தப்பிய உருண்டைக் கற்கள், சில சமயம் ஒரு அறை அளவில். பொக்லைன் வைத்து வெட்டும்போது அப்படி ஒரு கல் தட்டுப்பட்டதும், "பாறை வந்துடுச்சு, இனி கவலையில்ல" என்று அஸ்திவாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். அது பாறை அல்ல, மண்ணுக்குள் மிதந்து நிற்கிற கல். சுற்றியுள்ள மண் நனைந்து இளகினால் அதுவும் சேர்ந்துதான் உருளும்.

மண் ஏன் நிற்கிறது? துகள்கள் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டிருப்பதால் வருகிற உராய்வுதான் காரணம். மழைநீர் இடைவெளிகளை நிரப்பியதும், நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுகிறது. உராய்வு குறைகிறது. எடையோ கூடிக்கொண்டே போகிறது. களிப் படலத்துக்குமேல் வந்து தேங்குகிற நீர் கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் ஊர்கிறது. அந்த மட்டத்தில்தான் மண் பிடி விடும்.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். வானிலை ஆய்வு மையம் 'அதிகனமழை' என்று சொல்வது 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல். ஐந்து சென்ட் மனையில் அன்று விழுவது 40,000 லிட்டருக்கு மேல். ஆயிரம் சதுர அடிக் கூரையிலிருந்து மட்டும் 18,000 லிட்டருக்கும் அதிகம். அதை ஒரு பிவிசி குழாயில் இறக்கி வீட்டின் பின்சுவர் ஓரமாக விட்டிருப்பார்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தது அந்த வாரத்தில்தான். எந்தச் சுவரும் அவ்வளவு மழைக்கு என்று கட்டப்பட்டிருக்காது. அது புரிகிறது. நான் கவலைப்படுவது அதில் கால்வாசி மழைக்கே விழுகிற சுவர்களைப் பற்றி.

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். பின்புறம் செங்குத்தாக வெட்டி, பதினைந்து அடிக்குக் கான்கிரீட் தடுப்புச் சுவர். நல்ல வேலை, கம்பியில் குறை வைக்கவில்லை. சுவரில் வீப் ஹோலும் (பின்னால் தேங்குகிற தண்ணீர் வெளியேறும் துளை) விட்டிருந்தார்கள், வரிசைக்கு ஒன்றாக. ஆனால் அத்தனையிலும் சிமென்ட் பூசி அடைத்திருந்தது. கேட்டால் வீட்டம்மா, "மழை பேஞ்சா செகப்புத் தண்ணியா ஒழுகி பெயிண்டெல்லாம் பாழாகுதுங்க, அதான் மேஸ்திரிகிட்டச் சொல்லி அடைச்சுட்டோம்" என்றார். சுவர் நடுவில் இரண்டு விரல் அளவுக்கு முன்னால் உப்பியிருந்தது. அடைத்ததை அன்றைக்கே துளைபோட்டுத் திறக்கச் சொன்னேன். முதல் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். மழையில் தண்ணீர் ஒழுகுகிற தடுப்புச் சுவர் சரியாக வேலை செய்கிறது. பலத்த மழையிலும் காய்ந்து கிடக்கிற சுவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். ஒழுகுகிற தண்ணீர் தெளிவாக வந்தால் பரவாயில்லை. திடீரென்று கலங்கி மண்ணோடு வந்தால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று அர்த்தம்.

வெட்டிய மண்ணை என்ன செய்கிறார்கள் என்பதும் முக்கியம். லாரிக்குக் காசு மிச்சம் என்று முன்பக்கமே தள்ளி, அதன்மேல் தளம் போட்டு வீட்டை நீட்டிவிடுகிறார்கள். பாதி வீடு பழைய நிலத்தில், பாதி வீடு கொட்டிய மண்ணில். இரண்டுக்கும் நடுவில்தான் விரிசல் வரும். செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழியையும் கொண்டுபோய் அந்தக் கொட்டிய மண்ணிலேயே வைப்பது, கேட்டால் "அங்கதான் தோண்ட ஈசி" என்பது. மழையே இல்லாத நாளிலும் அந்த மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கிற ஏற்பாடு இது.

ஏற்கெனவே மலையில் குடியிருக்கிறவர்கள், பருவமழைக்கு முன் ஒரு தடவை வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் ஏறி நடந்து பாருங்கள். பிறை வடிவில் தரையில் விரிசல் தெரிகிறதா? கரண்டுக் கம்பம், வேலிக்கால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா? போன வருஷம் சரியாக மூடிய கதவு இப்போது இடிக்கிறதா? விரிசலைப் பார்த்ததும் பூசி மறைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை டேப்பில் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை அளந்தால் போதும். விரிசல் வாயைக் களிமண்ணால் கெட்டித்து, மேலே தார்ப்பாய் விரித்து, மழைநீர் உள்ளே போகாமல் தடுங்கள். அளவு கூடிக்கொண்டே போனால், அதுவும் மழை நாளில் கூடினால், சாமான் செட்டெல்லாம் பார்க்க வேண்டாம், இறங்கிவிடுங்கள்.

எங்கள் வேலையில் பாறையைவிடக் கடினமானது பழைய சரிவுகளைப் பற்றிய தகவல் திரட்டுவதுதான். வரைபடத்தின் தரமே, முன்பு எங்கெங்கே சரிந்தது என்ற பதிவை நம்பித்தான் இருக்கிறது. சுத்தியலும் காம்பஸும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால், "இங்க ஒண்ணும் நடக்கலைங்க" என்பார்கள். சொன்னால் நில விலை விழும், பேங்கில் லோன் தர மாட்டார்கள் என்ற பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சரிந்ததை மறைத்தால் அந்த இடம் வரைபடத்தில் பச்சையாகவே நிற்கும், அதைப் பார்த்து இன்னொருவர் வாங்குவார். உள்ளூர் வயதானவர்கள் இந்த விஷயத்தில் பொய் சொல்வதில்லை. மனை வாங்கும்போது தரகரிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, கீழ்வீட்டில் நாற்பது வருஷமாக இருக்கிற பாட்டியிடம் '1978 மழையிலயும் 2009 மழையிலயும் இங்க என்ன ஆச்சு?' என்று கேளுங்கள்.

உங்கள் தோட்டத்தில் சின்ன அளவில் மண் இறங்கியிருந்தாலும், அள்ளி ஒதுக்குவதற்கு முன் நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுங்கள். எத்தனை மணிக்கு இறங்கியது, அதற்கு முன் எத்தனை நாள் மழை பெய்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077. புவியியல் ஆய்வு மையத்தின் 'பூஸ்கலன்' செயலி வழியாகவும் தெரிவிக்கலாம். நீங்கள் குறித்த நேரமும் மழையும்தான், எவ்வளவு பெய்தால் அந்தச் சரிவு தாங்காது என்று முன்னறிவிப்பில் கணக்கிடுவதற்கான அடிப்படை.