பாவசங்கீர்த்தனமா, ஒப்புரவா?

கருமத்தம்பட்டி செபமாலை அன்னை கோயிலில் அக்டோபர் தேர்த்திருவிழா நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செய்த பாவங்களைச் சாமியாரிடம் (கத்தோலிக்கக் குருவிடம்) சொல்லி மன்னிப்புப் பெற வரிசை நீள்கிறது. அம்மிச்சியைக் கேட்டால் "பாவசங்கீர்த்தனம் பண்ண வந்தேனுங்க" என்பார். மகள் "பாவ அறிக்கை" என்பார். பேத்தியின் மறைக்கல்விப் புத்தகத்தில் "ஒப்புரவு அருட்சாதனம்" என்று இருக்கும்; அருட்சாதனம் என்றால் திருச்சபையின் புனிதச் சடங்கு. வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போனால் அதுவே "கும்பசாரம்".

கும்பசாரம் போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொல். அவர்களுடைய "கொன்ஃபெசார்" மலையாள நாவில் அப்படித் திரிந்தது. தமிழிலும் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியச் சொற்கள் பல புழங்கின. 1580-இல் கொச்சியில் போர்ச்சுக்கீசிய மறைபணியாளர் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அடிகளார் பாவத்தைச் சொல்லும் முறைக்கு எழுதிய கையேடு தமிழில் அச்சான காலம் அது. பிறகு 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய மறைபணியாளர் இராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்து வடமொழிச் சொற்கள் கோயில் தமிழில் நிறைய ஏறின. பாவசங்கீர்த்தனமும் அந்த வார்ப்புதான்.

இன்றைக்கு சங்கீர்த்தனம் என்றால் பஜனைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். "பாவத்தைப் பாட்டாகவா பாடுவார்கள்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. "சம்" என்றால் முழுமையாக. "கீர்த்தனம்" என்றால் எடுத்துச் சொல்லுதல். புகழ்தல் என்றும் பொருள் உண்டு. அப்படியானால் மறைக்காமல் முழுக்கச் சொல்லுவதே சங்கீர்த்தனம். இதே இரட்டைப் பொருள் இலத்தீன் "கொன்ஃபெசியோ"வுக்கும் இருக்கிறது. பாவத்தை ஒத்துக்கொள்வதும் அதுதான், இறைவனைப் புகழ்வதும் அதுதான் என்று புனித அகுஸ்தினார் தம் மறையுரைகளில் விளக்கியிருக்கிறார். தெரிந்து அமைந்ததோ, தானாக அமைந்ததோ, இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பைப் பழையது என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

"முழுக்க" என்பதில் ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. ஏதாவது மறந்துவிட்டால்? மறந்தது குற்றமில்லை, அதுவும் மன்னிப்பில் சேரும். தெரிந்தே மறைத்தால்தான் சங்கீர்த்தனம் பழுதாகும். சாவான பாவத்தை, அதாவது கடவுளோடு உள்ள உறவையே முறிக்கும் கனமான பாவத்தை, ஒவ்வொன்றாக வகை தெரியச் சொல்ல வேண்டும் என்று ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1551-இல் வகுத்தது. அற்பப் பாவங்களை, அதாவது சிறு குற்றங்களை, சொல்வது கட்டாயமில்லை, ஆனால் நல்லது. அதனால் முதல் நாள் இரவே பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆத்தும சோதனை (எதில் தவறினோம் என்று நம்மை நாமே பார்ப்பது) செய்துகொண்டு போனால் வரிசையில் நின்று திணற வேண்டியதில்லை.

அப்புறம் மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கு வருந்துவது. பழைய செபப் புத்தகத்தில் "உத்தம மனஸ்தாப மந்திரம்" என்று பார்த்த ஓர் இளைஞர், "யாரோடு மனஸ்தாபம்?" என்று என்னிடம் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நம் ஊர்ப் பேச்சில் பங்காளிகள் பேசாமல் இருப்பதுதான் மனஸ்தாபம். ஆனால் சொல்லின் வேர் மனம், தாபம். அதாவது மனம் வேகுவது. செய்ததை நினைத்து உள்ளே சுடுவது. இப்போது "மனத்துயர்" என்கிறார்கள். எளிய, நல்ல சொல்தான், ஆனாலும் அந்தச் சூடு அதில் கொஞ்சம் குறைவு. தண்டனைக்குப் பயந்து வருந்துவதைவிட, நம்மேல் அன்பு வைத்தவரை நோகடித்துவிட்டோமே என்று வருந்துவதுதான் உத்தமமானது.

பாவ அறிக்கை என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. அறிக்கை என்றதும் கட்சித் தலைவர் விடும் அறிக்கை, கணக்குத் தணிக்கை அறிக்கைதான் கண்முன் வருகிறது. வாசித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போகிற வேலை இது இல்லையே.

1973-இல் திருச்சபை இந்தச் சடங்கு முறையைத் திருத்தி அமைத்தபோது சொல்வதோடு உறவு சேர்வதையும் அழுத்திச் சொன்னது. அதற்குத் தமிழில் ஒப்புரவு கிடைத்தது நம் பேறு. திருக்குறளின் 22-ஆம் அதிகாரமே ஒப்புரவறிதல். அங்கே உலகத்தோடு ஒத்து, பிறருக்கு உதவி வாழ்வது என்று பொருள். விவிலியத் தமிழில் பிரிந்தவர் மீண்டும் சேர்வது. பொருள் நகர்ந்திருந்தாலும் "ஒப்பு" என்ற வேர் இரண்டிலும் நிற்கிறது. கடவுளோடும் ஆளோடும் ஒத்துப்போவது. அருட்சாதனத்தின் பெயராக இதையே நான் எடுத்துக்கொள்வேன். உள்ளே போய்ச் செய்யும் செயலுக்கு மட்டும் அம்மிச்சியின் சொல் இருக்கட்டும்.

கடைசியாக, பாவத்துக்கு ஈடாகச் செய்யச் சொல்லிச் சாமியார் கொடுப்பதைப் பழைய ஞானோபதேசம் (மறைக்கல்விப் புத்தகம்) "அபராதம்" என்றது. இன்று அது போலீஸ்காரர் போடும் தண்டம் போலத் தொனிப்பதால் "பரிகாரம்" பொருந்துகிறது. அதையும் மூன்று "அருள் நிறைந்த மரியே" செபத்தோடு முடிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. கூட்டுக் கிணற்றில் பக்கத்துக் காட்டுக்காரரின் முறைத் தண்ணீரை ராத்திரியில் திருப்பிவிட்டவர், செபத்தைச் சொல்லிவிட்டு அதே மோட்டாரைப் போடக்கூடாது. எடுத்த தண்ணீருக்கு ஈடு செய்ய வேண்டும். நம் முறை நாளில் ஒன்றை விட்டுக்கொடுத்து, "இன்னைக்கு நீங்க பாச்சிக்கோங்க" என்று அவரிடம் போய்ச் சொல்லலாம்.